பூங்கோதையின் தரை

சித்திரை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், வீட்டிலிருந்த மூன்று பிராணிகளில் ஒன்றுகூடத் தரையில் இல்லை என்பதைப் பூங்கோதைதான் முதலில் கண்டாள். கண்டவள் மேலே பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள்; ஏனென்றால் முந்தின நாள் மூன்றாம் தடவையாகத் துடைத்துவிட்டுப் படுத்த அந்தத் தரை, கால்தடம் இல்லாமல், மூத்திரக் கறை இல்லாமல், இறைந்த சோறு இல்லாமல், அவர்கள் குடிவந்த நாளில் இருந்ததுபோல வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் காப்பி குடித்தாள். மூன்றாவது வாயில் முடி வந்தது. அப்போதுதான் நிமிர்ந்தாள். நாய் துரை, ஹால் சீலிங்கில், மின்விசிறிக்கு இரண்டு முழம் தள்ளி, முன்னங்கால்மேல் முகத்தை வைத்துத் தலைகீழாகப் படுத்திருந்தது. வடை, பஜ்ஜி என்ற இரண்டு பூனைகளும் டியூப் லைட்டின் இருபுறமும் உட்கார்ந்து தங்களை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன.

இதற்கு என்ன காரணம் என்று பிற்பாடு யாரும் அதிகம் கேட்கவில்லை, காரணம் எல்லோருக்கும் தெரிந்ததாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்கோதை மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து வீட்டைத் துடைத்தாள்; துடைத்த ஈரத்தில் துரை சாக்கடைக் காலோடு ஓடியது, மறுபடி துடைத்தாள்; வடை அலமாரிமேலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டது, சோப்புத்தூள் போட்டு மூன்றாம் முறை துடைத்தாள்; துடைத்து, விளக்கேற்றி, நிமிரும்போது துரை வந்து விளக்கின் முன்னால் உடம்பைச் சிலிர்த்து ஒரு கைப்பிடி முடியைக் கோலத்தின்மேல் உதிர்த்தது. அவள் கையில் மாப்போடு சொன்னாள்: "இனிமே ஒரு பிராணி என் தரையில கால் வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

சோபாவிலிருந்து அவள் கணவர் தணிகாசலம், "உன் தரைதான், யாரு இல்லன்னது?" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசக்கூடாது, அந்த நேரத்தில் வீதிவழி போகிற அஸ்து தேவதை காதில் விழுந்தால் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும் என்பது சத்துவாச்சாரியில் எல்லா வீட்டிலும் சொல்லி வளர்த்த விஷயம். பூங்கோதைக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அவ்வளவு களைப்பில் அது ஞாபகம் வரவில்லை.

மூன்று பிராணிகளும் ஒவ்வொரு சத்தியத்தோடு வந்தவை. துரையை மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு மழைக்காலத்தில் கால்வாய் ஓரத்திலிருந்து துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்து, "நானே பாத்துக்குவேன்மா, உன் தலைமேல சத்தியம்" என்றாள். பூனைகளைத் தணிகாசலம் ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி கிடங்கிலிருந்து சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துவந்து, "பூனை தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும் கோதை, உனக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார். பூனை தன்னைத்தான் சுத்தம் செய்துகொண்டது, வீட்டை அல்ல. பூங்கோதை மணல் தட்டு வாங்கி வைத்தாள், வாசலில் கால் துடைக்கக் கோணி போட்டாள், சோபாவுக்குப் பழைய போர்வை போர்த்தினாள், ஞாயிறுதோறும் மூன்றையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் வேப்பெண்ணெய் தொட்டு வாரினாள், வாடைக்கு எலுமிச்சைத் தோலும் வினிகரும் கற்பூரமும் மாற்றி மாற்றி வைத்தாள். மணலை அள்ளிக் கொட்டுவது யாழினி வேலை என்றும் நாயின் காலைத் துடைத்து உள்ளே விடுவது தணிகாசலம் வேலை என்றும் பேசிக்கொண்டார்கள், அந்தப் பேச்சு ஒரு வாரம் நின்றது. அதன்பிறகு தணிகாசலம் செய்த உதவி ஒன்றே ஒன்றுதான்: அவள் துடைத்துக்கொண்டு வரும்போது, டிவியிலிருந்து கண் எடுக்காமல், சோபாவில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மாப் அடியில் போய் வந்ததும் இறக்கி ஈரத்தின்மேல் வைப்பார்.

சனிக்கிழமை காலை யாழினி எழுந்து வந்து மேலே பார்த்து, "ஐயோ துரை, விழுந்துடப் போற!" என்றாள். துரை வாலாட்டியது. வாலிலிருந்து முடி உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்தது.

"விழாது" என்றார் தணிகாசலம், பல் தேய்த்துக்கொண்டே. "விழறதுன்னா ராத்திரியே விழுந்திருக்கும்." பிறகு வழக்கம்போல மின்விசிறிச் சுவிட்சுக்குக் கை நீட்டியவர், கையை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்துதான் கஷ்டம் ஆரம்பித்தது. வெளியே அக்னி நட்சத்திரம், வேலூர்க் கோட்டை மதிலில் அப்பளம் பொரிக்கலாம் போன்ற வெயில், உள்ளே நாயும் பூனையும் றெக்கைகளுக்கு நடுவே நடமாடியதால் விசிறி போட முடியவில்லை. மூன்று பேரும் விசிறிமட்டையோடு உட்கார்ந்து வியர்த்தார்கள். தரையில் தடம் விழவில்லை என்பது உண்மை. ஆனால் முன்பு மூலையில் விழுந்த முடி இப்போது வீடு முழுக்கச் சாரலாக விழுந்தது, சாம்பாரில் விழுந்தது, தலையணையில் விழுந்தது, முன்பு மணல் தட்டில் பாதியாவது விழுந்த மூத்திரம் இப்போது ஒன்பதடி உயரத்திலிருந்து விழுந்து நாலு சுவருக்கும் தெறித்தது. சாப்பாடு வைப்பதானால் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, கிண்ணத்தை நாயின் தொங்குகிற வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அது தின்று முடிக்கிறவரை கை இறக்காமல் நிற்க வேண்டும். நின்றவள் பூங்கோதை. யாழினிக்கு உயரம் என்றால் தலைசுற்றல், தணிகாசலத்துக்குத் தோள்பட்டை வலி.

"தரை சுத்தமா இருக்குல்ல? நீ கேட்டதுதானே?" என்றார் தணிகாசலம், ஆறுதலாகத்தான். பூங்கோதை கிண்ணத்தைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டாள்.

தணிகாசலம் ஒரு யோசனை செய்தார். பந்தல்காரரிடம் கல்யாண மேற்கட்டித் துணி ஒன்று இரவல் வாங்கிவந்து ஹால் முழுக்க, நாய்க்குக் கீழே மனிதருக்கு மேலே, நாலு ஆணியில் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்து அதன்கீழே மாப்பிள்ளை போல உட்கார்ந்து, "எப்படி?" என்றார். துணி, விழுந்ததையெல்லாம் வாங்கி வாங்கி நாளுக்கு நாள் தொந்தி போட்டு, வியாழக்கிழமை மத்தியானம் முடிச்சு அவிழ்ந்து மொத்தமாக இறங்கியது. அன்று அவள் மருந்துக்கடைக்கு அரை நாள் லீவு சொன்னாள்.

இதற்குள் மேல்வீட்டு எத்திராஜ் வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், எதையும் விதிப்படி பார்ப்பவர். "ஏம்மா பூங்கோதை, ஒரு வாரமா என் தரைக்கு அடியில யாரோ நகத்தால பிறாண்டறாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, நிமிர்ந்து, துரையை நன்றாகப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "நாய் வளர்க்கலாம்னு சங்கத்துல தீர்மானம் போட்டோம். ஆனா அது தரையில வளர்க்கறதுக்கு. சீலிங்குக்குப் போடலியே?"

"எங்க வீட்டு சீலிங்தானே சார்" என்றார் தணிகாசலம்.

"உங்க சீலிங் இன்னா தனியாவா தொங்குது? என் தரையோட அடிவயிறுய்யா அது."

இதைப் பற்றிக் கட்டடத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று, கான்கிரீட்டில் பாதிக்கு மேல் எத்திராஜுக்கு, பாதிக்குக் கீழ் தணிகாசலத்துக்கு என்று ஒரு கட்சியும், கம்பி எங்கே ஓடுகிறதோ அதுதான் எல்லை என்று மற்றொரு கட்சியும். நாய் சீலிங்கில் நடக்கிறது என்பது பற்றிக் கட்சி இல்லை. அது பால் விலை ஏறியதுபோல, நடந்துவிட்ட ஒன்று.

காலையில் துரையை வெளியே கொண்டுபோகிற காட்சிக்கு முதல் சில நாள் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் வந்தது. வாசல் நிலையைத் தாண்டி, நடைபாதை சீலிங்கில் ஏறி, மாடிப்படியின் அடிப்பக்கமாக இறங்கி, வண்டி நிறுத்துமிடத்து சீலிங் வழியே துரை போக, யாழினி பலூன் வாங்கிய பிள்ளை மாதிரி சங்கிலியை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பாள். கட்டடம் முடிகிற விளிம்பில் துரை நின்றுவிடும். அதற்கு அப்பால் கால் வைக்க ஆகாயம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அங்கேயே பின்னங்காலைத் தூக்கும். அதன் நேர்க்கீழே எத்திராஜின் கார் நின்றது. நாலாம் நாளிலிருந்து யாழினிக்குக் கல்லூரியில் சிறப்பு வகுப்பு வந்துவிட்டது. சங்கிலியைப் பூங்கோதை பிடித்தாள், காரையும் பூங்கோதை கழுவினாள்.

கட்டடம் மெல்ல மெல்ல இதற்கேற்ப நடக்கப் பழகிக்கொண்டது. விளக்கு வைக்கும் அரை மணி நேரம் யாரும் யாரையும் திட்டுவதில்லை. 'நாசமாப் போ' இல்லை, 'தொலைஞ்சு போ' இல்லை, 'உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்' இல்லை. பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டு எல்லாச் சேட்டையையும் சரியாக அந்த அரை மணியில் செய்து முடித்தார்கள், தாய்மார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு மணி அடிக்கக் காத்திருந்தார்கள். முதல் மாடிப் புருஷன் பெண்சாதி சண்டையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கம், பூங்கோதையின் வாக்குக்குப் பலிதம் உண்டு என்று பேர் கிளம்பி, ஆட்கள் வேண்டுதலோடு வந்தார்கள். எங்க வீட்டு எலிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க; எங்க மாமனாரோட சீட்டாட்டக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டார்கள், மண்ணைக் காலில் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு ஷமீம் மட்டும் எதுவும் கேட்காமல் ஒரு தட்டில் ரவை கேசரியோடு வந்தாள்.

"கோதக்கா, நீ ஏன் இப்படி இளைச்சுட்ட?"

"தூக்கம் இல்ல ஷமீம். துரை என் கட்டிலுக்கு நேர் மேலதான் படுக்குது. முன்னாடி காலடியில படுக்கும். இப்ப மூஞ்சிமேல முடி கொட்டுது."

"வேற ரூம்ல படேன்."

"படுத்தேன். அங்கயும் வந்து நேர் மேல படுக்குது." சொல்லும்போது பூங்கோதைக்குக் குரல் மாறியது, எரிச்சலா மற்றொன்றா என்று அவளுக்கே தெரியவில்லை. "அதுங்கமேல எனக்குக் கோவம் இல்லடி. அதுங்க சத்தியம் பண்ணல."

ஆனி பிறந்தும் வெயில் குறையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, எத்திராஜ் சங்கத்தைத் தணிகாசலம் வீட்டு ஹாலிலேயே கூட்டினார். சொன்னவளே திரும்பச் சொல்ல வேண்டும், விளக்கு வைத்து, சாட்சிகள் முன்னிலையில், 'கீழே வாங்க' என்று, அதுதான் முடிவு. தணிகாசலம் வந்தவர்களுக்கு வடை வாங்கிவைத்திருந்தார். இருபது பேர் வடையோடும் சட்னியோடும் சீலிங்கை அண்ணாந்து பார்த்து நிற்க, பூங்கோதை விளக்கேற்றினாள்.

"ஒரே ஒரு வாட்டிம்மா" என்றாள் யாழினி. "ப்ளீஸ்."

பூங்கோதை மேலே பார்த்தாள். துரை அவளைப் பார்த்து வாலாட்டியது. "கீழ வாங்க" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பஜ்ஜி கொட்டாவி விட்டது.

"சத்தமா சொல்லும்மா" என்றார் ஒருவர். சத்தமாகச் சொன்னாள். "பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார் இன்னொருவர். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று பிராணிகளும் காதைத் திருப்பின, காலைத் திருப்பவில்லை.

எத்திராஜ் தொண்டையைச் செருமினார். "மனசாரச் சொல்லணும்மா. வாயளவுல சொன்னா எடுபடாது."

"அதான் சார் விஷயம்" என்றார் தணிகாசலம், எல்லோரையும் பார்த்துப் பொதுவாக. "அவளுக்கு மனசு இல்ல. சுத்தம் சுத்தம்னு சொல்லிச் சொல்லியே கல்லாயிட்டா."

பூங்கோதை தன் மனசைத் தேடிப் பார்த்தாள். கீழே வாருங்கள் என்று மனசாரச் சொல்ல வேண்டுமானால், வந்தபின் தரையைத் துடைக்கப்போவது யார் என்று தெரிய வேண்டியிருந்தது, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கூட்டம் இன்னும் கொஞ்சநேரம் அவளைப் பற்றிப் பேசிவிட்டு, வடை தீர்ந்ததும் கலைந்தது.

போனபின் ஹாலில் இருபது ஜோடிக் கால்தடமும், எண்ணெய்க் காகிதமும், சிந்திய சட்னியும், அதன்மேல் மேலிருந்து விழுந்த முடியும் இருந்தன. யாழினி போனோடு அறைக்குள் போனாள். தணிகாசலம் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போட்டார். பூங்கோதை வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, வாசலில் தொடங்கி, பின்னோக்கித் துடைத்துக்கொண்டே வந்தாள். சோபா அருகில் வந்ததும், கண்ணைத் திருப்பாமல், தணிகாசலம் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாப் அடியில் போய் வந்தது. அவர் காலை இறக்கி ஈரத்தின்மேல் வைத்தார். பாதத்தில் வடைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

அவள் மாப்பைச் சுவரில் சாய்த்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இது என் தரை இல்ல" என்றாள். சத்தம் போடவில்லை, மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து 'இது இல்ல' என்று சொல்வாளே, அந்தக் குரலில். "இது உங்க தரை. இனிமே இதுல நான் கால் வைக்க மாட்டேன்."

"சரி சரி" என்றார் தணிகாசலம்.

மறுநாள் காலை நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டு அவர் விழித்தார். கட்டில் பக்கத்தில் துரை நின்றது, தரையில், நாலு காலில். பூனைகள் இரண்டும் பூக்கூடையைக் கவிழ்த்து உருட்டிக்கொண்டிருந்தன. தணிகாசலம் சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்துக் கூவினார்: "கோதை, வந்துட்டானுங்க! காப்பி கொண்டா!"

"பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்று அவர் தலைக்கு மேலிருந்து பதில் வந்தது.

சீலிங்கில், சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் பூங்கோதை. தலைமுடி தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவள் கேட்டது ஊக்கு. ஷமீம்தான் ஸ்டூல்மேல் ஏறித் தந்தாள், புடவைக்குப் பதில் சுடிதார் தந்தாள், குளியலறை விஷயத்துக்கும் அவளே ஒரு வழி செய்தாள், அது என்ன வழி என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எத்திராஜ் வந்து பார்த்தார். நாய்க்குத்தான் விதி இருந்தது, குடும்பத் தலைவிக்கு இல்லை. மருந்துக்கடை முதலாளி போனில் கேட்டுக்கொண்டு, "எப்ப இறங்க முடியுதோ வாம்மா" என்றார். ஒரு வாரத்தில் கட்டடம் இதற்கும் பழகியது. காய்கறி விற்க வருகிற பெண் வாசலில் நின்று மேலே பார்த்து, "அக்கா, முருங்கைக்காய் பிஞ்சா இருக்கு" என்று சொல்லப் பழகினாள்.

விசிறியை இப்போதும் போட முடியவில்லை.

மேலேயிருந்து பார்க்கும்போது தரை முழுசாகத் தெரிந்தது. சோபாவுக்குப் பின்னால் எவ்வளவு முடி சேர்கிறது, பஜ்ஜி மூத்திரத்துக்கு எந்தத் தூணைத் தேர்ந்தெடுக்கிறது, மணல் தட்டு ஏன் நாறுகிறது, எல்லாம் தெரிந்தது. முதல் சில நாள் "அந்த மூலை, அந்த மூலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்வதை விட்டாள். சீலிங்கில் இருந்த ஒட்டடையையும் அவள் தொடவில்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்திருந்ததை யாழினி அதிகம் பார்த்ததில்லை. துரை அவளுக்கு நேர்க்கீழே, தரையில், முகத்தை மேலே தூக்கிப் படுத்துக்கொண்டது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

கீழே பத்து நாளில் வீடு வீடாக இல்லை. தணிகாசலத்தின் வெள்ளைச் சட்டை நாய் நிறமானது, பூனை மூத்திரத்தில் கம்பெனி ஷூ ஊறியது, வழுக்கி விழுந்து யாழினிக்கு மணிக்கட்டு வீங்கியது. பொட்டலம் வாங்கித் தின்றார்கள், காகிதத்தைப் பூனைகள் கிழித்தன. ஒருநாள் தணிகாசலம் நடு ஹாலில் நின்று, அண்ணாந்து, "எவ்வளவு நாள்தான் கோதை?" என்று கத்தினார். கத்தின பிறகு, விளக்கு வைக்கும் நேரமா என்று பயந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை வருஷம் காலைத் தூக்கினீங்க?" என்று கேட்டாள் அவள். அவருக்குக் கேள்வி புரியவில்லை. புரிய ஆடி மாதம் ஆயிற்று.

ஆடியில் யாழினி மணல் தட்டை அள்ளினாள், மூக்கில் துப்பட்டா கட்டிக்கொண்டு, அழுதுகொண்டு, பிறகு அழாமல். ஆவணியில் தணிகாசலம் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து துரையின் நாலு காலையும் துடைத்து உள்ளே விட்டார். முதலில் கோணியில், பிறகு ஈரத்துணியில். தரையைத் துடைக்கத் தெரியாமல் முன்னோக்கித் துடைத்துத் தன் ஈரத்தைத் தானே மிதித்தார், பின்னோக்கித் துடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, புரட்டாசியில் அவராகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று மேலே பார்த்தார். பூங்கோதை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு சாயங்காலம் யாழினி விளக்கேற்றிவிட்டு, "மா, இறங்கி வரியா?" என்று கேட்டாள்.

"சொல்லிப் பாக்கறேன்" என்றாள் பூங்கோதை. "வரேன்" என்று சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. மனசாரச் சொன்னாளா என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. தணிகாசலம் ஸ்கூட்டருக்கும், அரிவாள்மனைக்கும், மாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மாலையில் ஹாலைத் துடைத்து முடித்து, சோபாவில் ஏறி உட்கார்ந்து, தரை காய்கிறவரை இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே பூங்கோதை இருக்க, விசிறி போட முடியாததால் அது காய முக்கால் மணி நேரம் ஆனது.